ஒரே நோயாளி, ஏழு பக்கம்: எச்.ஐ.வி. ஆய்வைத் திருப்பிப்போட்ட ரத்தவியல் கட்டுரை

‘எச்.ஐ.வி.யிலிருந்து மேலும் ஒருவர் குணமடைந்தார்.’ சர்வதேச எய்ட்ஸ் மாநாடுகள் நடக்கும் மாதங்களில் போனில் இப்படியொரு நோட்டிஃபிகேஷன் வருவது வழக்கமாகிவிட்டது. 2019ல் லண்டன், 2023ல் டுசல்டார்ஃப், அதே ஆண்டு ஜெனீவா, 2024 ஜூலையில் பெர்லின். ஊர் பெயர் மட்டும் மாறுகிறது. செய்தியைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே கதை: புற்றுநோய் வந்த ஒரு எச்.ஐ.வி. நோயாளி, ஒரு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை, பிறகு மாத்திரை இல்லாமலேயே வைரஸ் திரும்பி வராத சில ஆண்டுகள்.

இந்தச் செய்திகள் எல்லாமே 2009 பிப்ரவரி 12 அன்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஏழு பக்கக் கட்டுரை ஒன்றின் தொடர்ச்சிதான். முதல் ஆசிரியர் கெரோ ஹியூட்டர். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றிய ரத்தவியல் மருத்துவர். எச்.ஐ.வி. அவருடைய துறையே இல்லை. கட்டுரையில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை: ஒன்று.

ஒரு ஆய்வாளரின் தகுதியை எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று எண்ணிப் பார்க்கும் காலம் இது. அந்தத் தராசில் வைத்தால் இந்தக் கட்டுரைக்குப் பெரிய எடை கிடையாது. முதலில் அனுப்பியபோது இதே இதழ் அதை நிராகரித்தது. பிறகு எப்படி ஒரு துறையின் திசையே இதனால் மாறியது? அதைவிட முக்கியமாக, இப்படிப்பட்ட ஒரு கட்டுரையை எந்த அளவுக்கு நம்பலாம்?

ரத்த டாக்டருக்கு எச்.ஐ.வி.யில் என்ன வேலை?

நிறையவே வேலை இருக்கிறது. எச்.ஐ.வி. தாக்குவதே ரத்த அணுக்களைத்தான். சிடி4 என்ற வெள்ளையணுக்களுக்குள் புகுந்து, அவற்றைப் பெருகும் தொழிற்சாலையாக்கிக்கொள்ளும் வைரஸ் அது. அந்த அணுக்களின் பிறப்பிடம் எலும்பு மஜ்ஜை. ரத்தசோகை, தட்டணுக்கள் குறைவது, நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா என்று எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி ரத்தவியல் வார்டுக்குத்தான் போய்ச் சேரும். 1987ல் வந்த முதல் எச்.ஐ.வி. மருந்தான ஏ.இசட்.டி.யின் முக்கியப் பக்கவிளைவுகளில் ஒன்றும் ரத்தசோகைதான்.

இன்னும் பின்னால் போனால், எய்ட்ஸ் ரத்தம் வழியாகப் பரவக்கூடும் என்று உலகுக்குக் காட்டியவர்களும் ஹீமோஃபீலியா நோயாளிகள்தான். ரத்தம் உறையாத அந்தக் குறைபாடு உள்ள 3 பேருக்கு வழக்கத்துக்கு மாறான நிமோனியா வந்திருப்பதாக 1982 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்திர அறிக்கை சொன்னது. ஆயிரக்கணக்கானோர் தானமளித்த ரத்தத்திலிருந்து எடுத்த உறைபொருள் மருந்துதான் அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. மூன்று பேரைப் பற்றிய ஒரு குறிப்பு, உலக ரத்த வங்கிகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை மணியானது.

அதற்கு ஓராண்டு முன், 1981 ஜூன் 5 அன்று, அதே வாராந்திர அறிக்கையில் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி மைக்கேல் காட்லீப் குழு எழுதிய குறிப்புதான் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவப் பதிவு. காட்லீப் முதலில் தொடர்புகொண்டது ‘நியூ இங்கிலாந்து ஜர்னல்’ ஆசிரியரை. மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரமென்றால் வாராந்திர அறிக்கைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. விரிவான கட்டுரை அந்த இதழில் வந்தபோது டிசம்பர் ஆகியிருந்தது. ஆக, இந்த நோயின் கதை தொடங்கியதே ஐந்து பேரைப் பற்றிய சின்னக் குறிப்பில்தான். குணமாதலின் கதைக்கு ஒரே ஒருவர் போதுமானதாக இருந்தார்.

61வது கொடையாளர்

திமோதி ரே பிரவுன் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்தவர். 1995ல் பெர்லினில் படித்துக்கொண்டிருந்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. கூட்டு மருந்துகள் வந்துவிட்ட காலம் அது; மாத்திரை சாப்பிட்டபடி பத்தாண்டுக்கு மேல் இயல்பாகவே வாழ்ந்தார். 2006ல் தீவிர வகை ரத்தப் புற்றுநோயான மைலாய்டு லுக்கேமியா வந்தது. கீமோதெரபி மட்டும் போதாது, வேறொருவரின் ஸ்டெம் செல்களைச் செலுத்த வேண்டும் என்ற நிலை.

இங்கேதான் ஹியூட்டருக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. எச்.ஐ.வி. அணுவுக்குள் நுழைய சிடி4 என்ற கதவு மட்டும் போதாது, பெரும்பாலான வைரஸ்களுக்கு சிசிஆர்5 என்ற துணைக் கதவும் வேண்டும் என்று 1996ல் கண்டுபிடிக்கப்பட்டது. சிலருக்கு அந்த மரபணுவில் 32 எழுத்துகள் பிறவியிலேயே விடுபட்டிருக்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்திருந்தால் துணைக் கதவே இருக்காது, வழக்கமான எச்.ஐ.வி. அவர்களைத் தொற்றுவது மிக அரிது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றில் ஒருவருக்கு இந்த அமைப்பு உண்டு. இந்தியர்களிடம் அபூர்வம்.

எப்படியும் ஒரு கொடையாளரைத் தேடத்தான் போகிறோம், திசுப் பொருத்தம் உள்ளவர்களுக்குள் சிசிஆர்5 இல்லாத ஒருவரைத் தேடினால் என்ன? ஹியூட்டரின் கேள்வி அவ்வளவுதான். யோசனை எளிது, தேடுவது எளிதல்ல. ஒவ்வொரு கொடையாளரின் மாதிரியையும் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியதில் 61வது ஆள் சரியாக அமைந்தார். ஜெர்மனியில் கொடையாளர் பதிவேடு பெரியது, பிரவுனின் திசு வகையும் பரவலானது. இந்த இரண்டு அதிர்ஷ்டமும் சேராவிட்டால் இந்தக் கதையே இல்லை.

2007 பிப்ரவரியில் மாற்று சிகிச்சை நடந்தது. அன்றே எச்.ஐ.வி. மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன. வழக்கமாக மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் ரத்தத்தில் தலைகாட்டிவிடும். பிரவுனுக்கு வரவில்லை. புற்றுநோய்தான் திரும்பி வந்தது. 2008ல் அதே கொடையாளரிடமிருந்து இரண்டாவது மாற்று. இந்த முறை உடல் நொறுங்கிப்போனது. சித்தப்பிரமை, பார்வை மங்கல், ஏறத்தாழ பக்கவாதம். நடக்கப் பழகவே மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. ‘குணமடைந்தார்’ என்ற ஒற்றைச் சொல்லில் இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது.

யாரும் நின்று படிக்காத போஸ்டர்

2008 பிப்ரவரியில் பாஸ்டனில் நடந்த ரெட்ரோவைரஸ் மாநாடுதான் இந்தத் துறையின் முக்கியமான மேடை. ஹியூட்டர் குழுவுக்கு அங்கே பேச இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது போஸ்டர் ஒட்ட ஒரு இடம். மாநாட்டு அரங்குகளில் நூற்றுக்கணக்கான போஸ்டர்கள் வரிசையாக ஒட்டியிருப்பார்கள். கையில் காபியோடு கடந்துபோகும் கூட்டம் எதில் நிற்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் போஸ்டரில் பெரிதாக யாரும் நிற்கவில்லை. கட்டுரையும் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

நிராகரித்ததை இன்று அசட்டுத்தனம் என்று சொல்வது சுலபம். மதிப்பீட்டாளரின் இடத்தில் இருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. நோயாளி ஒருவர், ஒப்பிட இன்னொருவர் இல்லை. மாத்திரை நிறுத்தி ஆன காலமும் அப்போது குறைவு. வைரஸ் ஒளிந்துகொள்ளும் இடங்களான குடல், நிணநீர் முடிச்சு, மூளை எல்லாவற்றையும் துழாவிப் பார்த்தாயிற்றா? போதாக்குறைக்கு, ‘எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு’ என்று அதுவரை எத்தனையோ பேர் சொல்லிப் பொய்த்திருந்தார்கள். எய்ட்ஸ் ஆய்வுலகில் ‘குணம்’ என்ற சொல்லையே வாயில் எடுக்கத் தயங்கிய காலம்.

அமெரிக்காவின் ‘அம்ஃபார்’ என்ற எய்ட்ஸ் ஆய்வு அறக்கட்டளை அந்தப் போஸ்டரைப் பொருட்படுத்தியது. அதன் அறிவியல் ஆலோசகர் ஜெஃப்ரி லாரன்ஸும் ஒரு ரத்தவியல் நிபுணர் என்பது தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் கவனிக்கத்தக்கது. 2008 செப்டம்பரில் பாஸ்டனில் ஒரு சிறு கூட்டத்தைக் கூட்டி, தரவுகளை மேசையில் வைத்து அலசினார்கள். நவம்பரில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழில் மார்க் ஷூஃப்ஸ் எழுதிய செய்தி விஷயத்தை உலகறியச் செய்தது. அடுத்த பிப்ரவரியில், முன்பு நிராகரித்த அதே இதழில் கட்டுரை வெளிவந்தது. இரண்டாவது முறை அனுப்பியபோது குழுவின் கையில் கூடுதல் மாதங்களின் தரவும் இருந்தது: மாற்று சிகிச்சைக்குப் பிறகு 20 மாதங்கள், மாத்திரை இல்லை, வைரஸும் இல்லை.

தலைப்பில் ஒளிந்திருக்கும் எச்சரிக்கை

2009 கட்டுரையின் தலைப்பில் ‘குணம்’ என்ற சொல் கிடையாது. ‘நீண்டகாலக் கட்டுப்பாடு’ என்றுதான் போட்டிருந்தார்கள். அடுத்து அதே குழு பிரவுனின் குடல் உள்ளிட்ட திசுக்களைத் துருவி ஆராய்ந்து, அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் ‘பிளட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதியது. 2010 டிசம்பரில் இணையத்திலும் 2011ல் அச்சிலும் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பில்தான் ‘குணமானதற்கான சான்று’ என்ற சொற்கள் வந்தன. கிறிஸ்டினா அல்லர்ஸ் முதல் ஆசிரியர், ஹியூட்டர் அதில் இணை ஆசிரியர். ஒரு சொல்லைக் கூட்ட இரண்டு ஆண்டு ஆய்வு தேவைப்பட்டது.

அடுத்து வந்த நோயாளிகளிலும் இதே கதைதான். லண்டனில் ஆடம் காஸ்டியெஹோவுக்கு 2016ல் மாற்று சிகிச்சை நடந்தது. ரவீந்திர குப்தா குழு 2019ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது தலைப்பில் இருந்தது ‘தணிவு’ என்ற பொருள் தரும் சொல். மாத்திரை நிறுத்தி 30 மாதம் கடந்த பிறகு, 2020ல் ‘லான்செட் எச்.ஐ.வி.’ இதழில்தான் ‘குணமானதற்கான சான்று’ என்றார்கள். டுசல்டார்ஃப் குழு இன்னும் பொறுமைசாலி. 2013ல் மாற்று சிகிச்சை, 2018ல் மாத்திரை நிறுத்தம், 2023ல்தான் ‘நேச்சர் மெடிசின்’ கட்டுரை. அதில் நேரடியாகவே ‘குணம்’ என்று போட்டார்கள். நியூயார்க் பெண்மணி பற்றி 2023ல் ‘செல்’ இதழில் வந்தது ‘தணிவு, ஒருவேளை குணம்’ என்ற இரட்டைச் சொல்.

இந்த நிதானம் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தால் பாஸ்டனில் நடந்ததைப் பார்க்க வேண்டும். லிம்போமா வந்த இரண்டு எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அங்கே ஸ்டெம் செல் மாற்று நடந்தது. கொடையாளர்களுக்கு சிசிஆர்5 இயல்பாக இருந்தது. மாற்றுக்குப் பிறகு வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தது, மாத்திரைகளை நிறுத்தினார்கள். 2013 ஜூலையில் கோலாலம்பூர் மாநாட்டில் அறிவித்தபோது தலைப்புச் செய்தி. அதே ஆண்டு டிசம்பரில் வேறு செய்தி வந்தது: மாத்திரை நிறுத்திய 12 வாரத்தில் ஒருவருக்கும், 32 வாரத்தில் இன்னொருவருக்கும் வைரஸ் திரும்பிவிட்டது. மிசிசிப்பியில் பிறந்த உடனேயே மருந்து தரப்பட்ட குழந்தையின் கதையும் அப்படித்தான். 27 மாதம் மருந்தில்லாமல் இருந்து, 2014ல் வைரஸ் மீண்டும் தென்பட்டது. எட்டு மாதம், இரண்டு வருடம் என்பதெல்லாம் நமக்கு நீளமாகத் தெரியலாம். உறங்கிக் கிடக்கும் ஓர் அணுவுக்குள் காத்திருக்கும் வைரஸுக்கு அது பெரிய காலமில்லை.

தோல்வியையும் எழுதினார்

பிரவுனின் கட்டுரைக்குப் பிறகு உலகின் பல இடங்களில் அதே முயற்சி நடந்தது. ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் ஒரு நோயாளிக்கு சிசிஆர்5 இல்லாத ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். வைரஸ் திரும்பி வந்தது. எப்படி? அவர் உடலில் சிசிஆர்5 கதவைச் சாராமல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு கதவு வழியாக நுழையும் வைரஸ்கள் சிறு அளவில் ஏற்கெனவே இருந்தன. முன்கதவு அடைபட்டதும் அவை பெருகிவிட்டன. 2014ல் இதுவும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னலில்’ கடிதமாக வெளியானது.

அதே ஆண்டு ஹியூட்டர் அதே இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரவுனுக்குப் பிறகு எஸ்ஸென், உட்ரெக்ட், பார்சலோனா உள்ளிட்ட ஊர்களில் இதேபோல மாற்று சிகிச்சை பெற்ற ஆறு பேரின் விவரம் அதில் இருந்தது. ஆறு பேரும் இறந்துவிட்டார்கள், ஏறத்தாழ ஓராண்டுக்குள். காரணம் புற்றுநோய் திரும்பியது, தொற்று, அல்லது மாற்று சிகிச்சையின் சிக்கல்கள்.

ஹியூட்டரின் வெளியீட்டுப் பட்டியலில் 2009 கட்டுரையை எல்லோரும் பேசுகிறார்கள். இந்தக் கடிதத்தை அநேகமாக யாரும் பேசுவதில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும். பிரவுன் ஏழில் ஒருவர். தன் பெயரைப் பிரபலமாக்கிய சிகிச்சை மற்ற ஆறு பேரிடம் பலிக்கவில்லை என்பதை அதே இதழில் பதிவுசெய்ய ஒரு நேர்மை வேண்டும். கட்டுரை எண்ணிக்கையில் இதற்கென்று மதிப்பெண் ஏதும் கிடையாது.

எண்ணினால் எவ்வளவு வரும்?

ஆய்வாளர்களை அளக்கும் பிரபலமான அளவுகோல் எச்-இண்டெக்ஸ். 2005ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் அவருக்கு உண்டு என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு கட்டுரை ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் எச்-இண்டெக்ஸில் அதற்கு ஒரே ஒரு எண்தான். சுமாரான 25 கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் 25 முறை மேற்கோள் காட்டப்பட்டால் கிடைக்கும் எண்ணை, துறையையே மாற்றிய ஒரு கட்டுரையால் ஒருபோதும் எட்ட முடியாது.

நம்ம ஊர் விதி இன்னும் கறார். மருத்துவக் கல்லூரிகளில் இணைப் பேராசிரியர், பேராசிரியர் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் கட்டாயம் என்பது அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எந்த வகைக் கட்டுரை கணக்கில் சேரும் என்று 2020ல் வந்த விதித் திருத்தம் பட்டியலிட்டது: மூல ஆய்வுகள், மெட்டா அனாலிசிஸ், சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, கேஸ் சீரிஸ். ஒற்றை நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது, பெர்லினில் நடந்தது சென்னையிலோ மதுரையிலோ ஒரு உதவிப் பேராசிரியரின் வார்டில் நடந்திருந்தால், அந்தக் கட்டுரை அவர் பதவி உயர்வுக்குக் கணக்கில் வந்திருக்காது.

விதி போட்டவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பதவி உயர்வுக்காகவே அரிய நோயாளி ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, பணம் கட்டினால் எதையும் போடும் இதழ்களில் வெளியிடும் பழக்கம் பரவியதால் வந்த விதி அது. சிக்கல் என்னவென்றால், குப்பையை வடிகட்டப் போட்ட சல்லடையில் மேலே தங்க வேண்டியதும் கீழே போய்விடுகிறது. ஒரு கட்டுரை எந்த வகை என்று பார்ப்பது எளிது. அது என்ன சொல்கிறது என்று படித்துப் பார்ப்பது சிரமம். அலுவலகக் கோப்பில் முதலாவதுதான் வேலை செய்யும்.

கட்டுரையே இல்லாத கண்டுபிடிப்பு

வெளியீடு என்ற நடைமுறை எதற்காக இருக்கிறது என்பதைத் தலைகீழாகக் காட்டிய சம்பவம் 2018 நவம்பரில் நடந்தது. சிசிஆர்5 மரபணுவைக் கருவிலேயே திருத்தி, எச்.ஐ.வி. தொற்றாத இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்துவிட்டதாகச் சீனாவின் ஹே ஜியான்குயி அறிவித்தார். யூடியூபில் வீடியோ வந்தது. ஹாங்காங் மாநாட்டில் பேச்சும் நடந்தது. ஆய்விதழில் கட்டுரை மட்டும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அவர் உருவாக்கியது அந்த 32 எழுத்து இழப்பின் நகல்கூட இல்லை, விளைவு தெரியாத வேறு மாற்றங்கள் என்று வெளியில் காட்டிய தரவை வைத்தே மற்ற விஞ்ஞானிகள் சொன்னார்கள். 2019 இறுதியில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

பெர்லின் கட்டுரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்டதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த அலைச்சலில் கேள்விகள் கேட்கப்பட்டன, தரவு கூடியது, சொற்கள் நிதானப்பட்டன. அதே சிசிஆர்5ஐ முறைப்படி கையாண்ட முயற்சிகளும் உண்டு: நோயாளியின் சொந்த வெள்ளையணுக்களை எடுத்து, அந்த மரபணுவை வெட்டி, திரும்பச் செலுத்தும் சோதனை 12 பேரிடம் நடத்தப்பட்டு 2014ல் வெளியானது. பாதுகாப்பானது என்று தெரிந்தது, குணமாக்கவில்லை. கட்டுரை அப்படியே சொன்னது.

அப்படியானால் மாத்திரையை நிறுத்தலாமா?

இந்தச் செய்திகளைப் படிக்கும் எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு இயல்பாக வரும் கேள்வி. கூடாது என்பதுதான் பதில். ஸ்டெம் செல் மாற்று என்பது உயிரைப் பணயம் வைக்கும் சிகிச்சை. புற்றுநோய்க்கு வேறு வழியில்லாதபோதுதான் செய்வார்கள், எச்.ஐ.வி.க்காக மட்டும் யாரும் செய்வதில்லை. உலகில் சுமார் 4 கோடி பேருக்கும் இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேருக்கும் இருக்கும் தொற்று இது. அவர்களை ஆண்டுக்கணக்கில் வாழவைப்பது தினசரி மாத்திரைதான். தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட சில அரசு மையங்களில் 2004ல் இலவசமாகத் தரத் தொடங்கிய கூட்டு மருந்து, இன்று நாடு முழுக்கக் கிடைக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது.

பெர்லின் கட்டுரையால் மாறியது சிகிச்சை அறை அல்ல, ஆய்வு நிதி போகும் இடம். எச்.ஐ.வி.யை உடலைவிட்டு விரட்ட முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் கிடைத்ததும், ‘முடியுமா?’ என்ற கேள்வி ‘எப்படி எளிதாக்குவது?’ என்று மாறியது. மரபணுத் திருத்தம், ஒளிந்திருக்கும் வைரஸைத் தட்டியெழுப்பும் மருந்துகள் என்று தனித்தனி ஆய்வுக் குழுக்கள் உருவாயின. மாற்று சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்க ‘ஐசிஸ்டெம்’ என்ற சர்வதேசக் கூட்டமைப்பு அமைந்தது.

திமோதி பிரவுன் 2020 செப்டம்பர் 29 அன்று, கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் இறந்தார். திரும்பி வந்த லுக்கேமியாதான் காரணம். எச்.ஐ.வி. கடைசிவரை திரும்பவில்லை.

மீண்டும் பெர்லின்

இப்போது வந்திருக்கும் சிக்கல் சுவாரசியமானது. 2009 கட்டுரையின் விளக்கம் தெளிவாக இருந்தது: துணைக் கதவு இல்லாத அணுக்கள் வந்தன, வைரஸுக்கு இடமில்லாமல் போனது. ஜெனீவா நோயாளி இதில் முதல் ஓட்டையைப் போட்டார். அவருக்கு 2018ல் ஸ்டெம் செல் கொடுத்தவருக்கு சிசிஆர்5 முழுசாக இருந்தது. பாஸ்டன் நோயாளிகளுக்கு நடந்ததுபோல வைரஸ் திரும்பியிருக்க வேண்டும். 2021 நவம்பரில் மாத்திரை நிறுத்தியும் திரும்பவில்லை.

அடுத்தது, ஹியூட்டர் முன்பு இருந்த அதே சாரிட்டே மருத்துவமனையின் இரண்டாவது பெர்லின் நோயாளி. 2015ல் மாற்று சிகிச்சை, 2018ல் அவராகவே மாத்திரையை நிறுத்தினார். அவரது கொடையாளருக்கு 32 எழுத்து இழப்பு ஒரு பக்கம் மட்டும்தான். மறுபக்கம் மரபணு நன்றாக இருந்ததால் கதவு திறந்துதான் கிடந்தது. 2024 ஜூலையில் மியூனிக் மாநாட்டில் கிறிஸ்டியன் கெய்ப்லர் குழு இதை அறிவித்தது. ‘நேச்சர்’ இதழில் கட்டுரை 2025 டிசம்பரில் வந்தது. தலைப்பில் மறுபடியும் அந்த நிதானமான சொல்: நீடித்த தணிவு.

அப்படியென்றால் பிரவுனைக் காப்பாற்றியது விடுபட்ட அந்த 32 எழுத்துகள்தானா? அல்லது கொடையாளரின் நோய் எதிர்ப்பு அணுக்கள் புதிய உடலுக்குள் வந்து, புற்றுநோய் அணுக்களோடு சேர்த்து வைரஸ் ஒளிந்திருந்த பழைய அணுக்களையும் வேட்டையாடியதா? இந்த இரண்டாவது காரணத்துக்கு இப்போது எடை கூடியிருக்கிறது. மாற்று சிகிச்சை செய்யும் ரத்தவியல் மருத்துவர்களுக்கு அந்த வேட்டை புதிதல்ல. லுக்கேமியா நோயாளிகளைக் குணமாக்குவதில் அதற்குள்ள பங்கை அவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அது உறுதியானால், அபூர்வமான கொடையாளரைத் தேடி அலைய வேண்டிய அவசியம் குறையும். அந்த வேட்டையை மட்டும் மாற்று சிகிச்சையின் ஆபத்து இல்லாமல் செய்துகாட்ட முடியுமா என்பதுதான் எச்.ஐ.வி. ஆய்வகங்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கும் விடை.